‘மனசு தங்கம்’ என்னும் நற்சான்று

“அவருக்கு வாய்தான் கொஞ்சம் அப்படி; மனசு தங்கம்.” தமிழ்நாட்டில் இதைவிட மலிவாகக் கிடைக்கும் நற்சான்று வேறில்லை. பணி ஓய்வு விழாவில் மாலை விழுந்த கையோடு வழங்கப்படும். துக்க வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடி வழங்கப்படும். ஞாயிறு ஆராதனை முடிந்து செருப்பைத் தேடும் நேரத்தில் சபை மூப்பர் ஒருவரைப் பற்றி வழங்கப்படும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஏ ஷிப்ட் முடிந்து டீ குடிக்க நிற்பவர்களிடம் அவர்களுடைய சூப்பர்வைசர் எப்படி என்று கேட்டாலும் இதே வாக்கியம் வரும். “திட்டுவாரு. ஆனா ராத்திரியில ஒரு அவசரம்னா மொதல்ல ஓடியாரதும் அவருதான்” என்று ஒரு வாலும் சேர்ந்து வரும்.

அந்த வால் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. கை நசுங்கியவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களும், அட்வான்ஸ் வாங்கிக் கொடுத்தவர்களும் இப்படித் திட்டுகிறவர்களில் இருக்கிறார்கள். உதவி நிஜம். அந்த உதவியைக் காட்டி வசவைக் கழித்துவிடுகிற கணக்குதான் தப்பு.

இந்த நற்சான்று மூன்று கால்களில் நிற்கிறது. வாய் வேறு, மனசு வேறு என்பது ஒன்று. கோபம் வந்தால் அந்த வாய் அவர் பேச்சைக் கேட்காது, அது அவர் பிறவிக் குணம் என்பது இரண்டு. அப்படிப் பேசாவிட்டால் வேலை நடக்காது என்பது மூன்று. மூன்று கால்களும் உளுத்தவை. கிறிஸ்தவர்கள் கையில் இந்த நற்சான்று புழங்குவதோ பெரிய விசித்திரம். ஏனென்றால் இதை எழுதித் தரக் கூடாது என்று அவர்களுடைய ஆண்டவரே தெளிவாகச் சொல்லியிருக்கிறார்.

இரண்டாவது காலை முதலில் ஆட்டிப் பார்க்கலாம். அதுதான் எளிதில் முறியும்.

கோபம் வந்தால் வாய் நிற்காது என்கிறார்கள். சரி. வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து ஆடிட்டுக்கு ஆள் வரும் நாளில் அந்த வாய் எங்கே போகிறது? தணிக்கைக்கு வந்தவர் தப்பான கேள்வி கேட்டாலும், கேட்ட கேள்வியையே நான்கு முறை கேட்டாலும், பதில் “சார்” என்றுதான் தொடங்கி “சார்” என்றுதான் முடிகிறது. தொழிற்சாலை ஆய்வாளர் வந்தால், எம்.டி. திடீரென்று ஷெட்டுக்குள் நுழைந்தால், மூச்சுக் கூட மெதுவாக வருகிறது. பிறவிக் குணம் என்றால் அது ஆள் பார்த்து வராது. இந்த வாய்க்கோ பதவி தெரியும், சம்பளப் பட்டியல் தெரியும், யாருடைய அண்ணன் எந்தக் கட்சியில் இருக்கிறார் என்பதும் தெரியும். தண்ணீர் மாதிரி அது பள்ளத்தை நோக்கித்தான் பாய்கிறது: மேலாளரிடமிருந்து சூப்பர்வைசருக்கு, அவரிடமிருந்து கான்ட்ராக்ட் ஆளுக்கு, உள்ளூர் கான்ட்ராக்ட் ஆளிடமிருந்து பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்த ஹெல்பருக்கு, எல்லோரிடமிருந்தும் கழிவறை கழுவும் அம்மாவுக்கு.

சட்டமும் இதற்குச் சாட்சி சொல்கிறது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் அதன் பிந்தைய திருத்தமும், பலர் அறியும் இடத்தில் பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதைக் குற்றமாக்கின. 2013ஆம் ஆண்டின் சட்டம், பணியிடத்தில் பெண்களிடம் பாலியல் நெடியோடு பேசுவதையும் துன்புறுத்தல் என்றே வரையறுத்தது. எந்தச் சொல்லுக்கு வழக்கு வரும், எந்தச் சொல்லுக்கு வராது என்று பார்த்து வசவைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் எல்லாத் தொழிற்பேட்டையிலும் இருக்கிறார்கள். தேர்ந்தெடுக்கத் தெரிந்த வாய், கட்டுக்கு அடங்காத வாய் அல்ல.

இனி முதல் கால். வாய் வேறு, மனசு வேறு.

மத்தேயு நற்செய்தியின் 12ஆம் அதிகாரத்தில் இயேசு இதை மரத்தையும் கனியையும் வைத்து விளக்குகிறார். கனியைப் பார்த்துத்தான் மரம் இன்னது என்று சொல்ல முடியும். நெஞ்சில் நிரம்பி வழிவதைத்தான் வாய் பேசுகிறது. மனிதர் போகிறபோக்கில் உதிர்க்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் தீர்ப்பு நாளில் கணக்குக் கேட்கப்படும் என்று அங்கேயே எச்சரிக்கிறார். தமிழனுக்கு இது புதிய செய்தியும் அல்ல. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்று சமையல்கட்டில் சொல்லும் வீட்டில்தான், வாய் கெட்டவனுக்கு மனசு தங்கம் என்ற சான்றும் எழுதித் தரப்படுகிறது. இரண்டையும் ஒரே ஊர் எப்படி நம்புகிறதோ தெரியவில்லை.

அதே நற்செய்தியின் 5ஆம் அதிகாரம் இன்னும் கடுமை. கொலை செய்யாதே என்ற கட்டளையை எடுத்துக்கொண்ட இயேசு, அதே மூச்சில் வசவுச் சொல்லுக்கு வந்துவிடுகிறார். அவர் அங்கே எடுத்துக்காட்டும் ‘ராக்கா’ என்ற அரமேயச் சொல்லுக்குக் காலி மண்டை என்பது போலப் பொருள். இன்றைய ரோலிங் மில்லில் அதைச் சொன்னால் யாரும் திரும்பிக் கூடப் பார்க்க மாட்டார்கள். அதைவிடக் கனமானவை காலை ஆறரை மணிக்கே பறந்து முடிந்திருக்கும். அந்த லேசான சொல்லைத்தான் அவர் கொலைப் பட்டியலில் வைத்தார். சக மனிதனைக் ‘காலி’ என்று சொல்லும்போது, சொல்கிறவன் மனசில் அவன் ஏற்கெனவே இல்லாதவனாகிவிட்டான் என்பதால்.

இங்கே கும்மிடிப்பூண்டியைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். சென்ட்ரலிலிருந்து கிளம்பும் புறநகர் மின்ரயில் மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டையைத் தாண்டி அங்கே வந்து சேர்கிறது. வடக்கே ஆரம்பாக்கத்தைக் கடந்தால் ஆந்திரம். இரும்பை உருக்கும் ஃபர்னஸ்கள், கம்பி இழுக்கும் மில்கள், சற்று மேற்கே தேர்வாய்கண்டிகையில் டயர் தொழிற்சாலை. திருவள்ளூர்ப் பக்கம் போனால் காக்களூர் தொழிற்பேட்டை. அதைச் சுற்றி ஒடிசாவிலிருந்து குடும்பத்தோடு வருகிறவர்கள் வேலை செய்யும் செங்கல் சூளைகள். தமிழ், தெலுங்கு, இந்தி, ஒடியா, போஜ்புரி எல்லாம் ஒரே கேன்டீன் வரிசையில் தட்டோடு நிற்கும் மண் இது. வடக்கிலிருந்து வந்த பையன் முதலில் கற்றுக்கொள்ளும் தமிழ் கெட்ட வார்த்தைதான் என்று இங்கே சிரித்துக்கொண்டே சொல்வார்கள். சிரிப்புக்குப் பின்னால் இருப்பதைக் கவனித்தால் சிரிப்பு வராது. புது மொழியை மனிதன் காதால்தான் கற்கிறான். தன்னை நோக்கி அடிக்கடி வருவதைத்தான் முதலில் கற்கிறான்.

‘பையா’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். இந்தியில் அது அண்ணன். ஒருவரை மரியாதையாக விளிக்கும் உறவுச்சொல். தொழிற்பேட்டைத் தமிழில் அது அழுக்குச் சட்டை போட்ட, பெயர் கேட்கப்படாத எவனோ ஒருவன். சொல் மாறவில்லை. சொல்கிறவன் உள்ளே இருப்பது மட்டும் மாறியிருக்கிறது. ‘வடக்கன்’ கதை இன்னும் வெளிப்படையானது. எழுத்தாளர் பாஸ்கர் சக்தி இடம்பெயர்ந்து வந்த தொழிலாளியை மனிதனாகப் பார்க்கச் சொல்லி எடுத்த படத்துக்கு அந்தப் பெயரைத்தான் வைத்தார். தணிக்கை வாரியம் அந்தப் பெயரை ஏற்கவில்லை. 2024இல் படம் ‘ரயில்’ என்ற பெயரில் வெளிவந்தது. திசையைக் குறிக்கும் ஒரு சாதாரணச் சொல், சுவரொட்டியில் அச்சிடக் கூடாததாக நாறிப் போயிருந்தது. அதை நாறடித்தது அகராதி அல்ல, மனசு தங்கமான வாய்கள்தான்.

மூன்றாவது கால்தான் தடிமனானது. அடியாத மாடு படியாது. ஃபர்னஸ் பக்கம் நின்று ‘தயவுசெய்து’ என்று சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? புரொடக்‌ஷன் டார்கெட்டை யார் தருவது?

இதில் ஒரு பாதி நியாயம் இருக்கிறது. இரைச்சலில் கத்தித்தான் பேச வேண்டும். கிரேனில் தொங்கும் சுமைக்கு அடியில் ஒருவன் நின்றால் “ஏய், நகரு!” என்று அலறத்தான் வேண்டும், அங்கே மரியாதைப் பன்மைக்கு நேரமில்லை. ஆனால் அலறல் வேறு, வசவு வேறு. அலறல் ஆளைக் காப்பாற்றுகிறது. கூடவே அவன் தாயை இழுப்பதால் அவன் ஒரு நொடி கூட முன்னால் நகர்வதில்லை. கேட்க வேண்டிய கேள்வி, கடுமையான பேச்சு வேலையைக் கூட்டுகிறதா குறைக்கிறதா என்பது. உலகம் இதற்கு விலை கொடுத்துப் பதில் கண்டிருக்கிறது.

1977 மார்ச் 27. கேனரித் தீவுகளின் டெனெரீஃப் விமான நிலையத்தில் பனிமூட்டம். கே.எல்.எம். விமானத்தின் கேப்டன், கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் அனுமதி கிடைக்காமலே ஓடுபாதையில் வேகமெடுக்கிறார். அதே பாதையில் பான் ஆம் விமானம் இன்னும் இருக்கிறதோ என்று விமானப் பொறியாளருக்குச் சந்தேகம், கேட்டும்விட்டார். அந்த நிறுவனத்தின் விமானிகளுக்கே பயிற்சி தரும் மூத்தவரான கேப்டன் அழுத்தமாக ஒரு பதில் சொன்னார். பொறியாளர் மறுபடி வாய் திறக்கவில்லை. 583 பேர் இறந்தார்கள். கவனிக்க வேண்டியது, கேப்டன் அவரைத் திட்டவில்லை. பெரியவரின் அழுத்தமான ஒரு குரலே கீழே உள்ளவரின் வாயை அடைக்கப் போதுமானதாக இருந்தது. அதன் பிறகுதான் விமானி அறையில் யாரும் யாரையும் கேள்வி கேட்கலாம், கேட்டவரை மதித்துப் பதில் சொல்ல வேண்டும் என்பது தனிப் பயிற்சியாகவே உலகெங்கும் வந்தது.

இஸ்ரேலில் குறைமாதக் குழந்தைகள் பிரிவில் வேலை செய்யும் மருத்துவர், செவிலியர் குழுக்கள் 24ஐ வைத்து ஒரு சோதனை நடந்தது. முடிவு 2015இல் வெளியானது. எல்லோருக்கும் ஒரே மாதிரிப் பாவனை நோயாளி. சில குழுக்களிடம் மட்டும், வெளிநாட்டு நிபுணர் என்று அறிமுகமான ஒருவர் அவர்கள் நாட்டு மருத்துவத் தரத்தைப் பற்றி லேசாக மட்டம் தட்டிப் பேசினார். வசவு கிடையாது, கத்தல் கிடையாது. அந்தக் குழுக்கள் நோயைக் கண்டுபிடிப்பதிலும், கைவேலையிலும் பின்தங்கின. ஒருவரிடம் ஒருவர் உதவி கேட்பதும், தெரிந்ததைப் பகிர்வதும் குறைந்திருந்தன. படித்த மருத்துவர் கையே ஒரு குத்தல் பேச்சுக்குத் தடுமாறுமென்றால், பன்னிரண்டு மணி நேரம் நின்றவன் கை எந்த மூலைக்கு?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், திருவள்ளூர் வட்டாரத்துக் கார் உதிரிபாகத் தொழிற்சாலைகளில் இருப்பவர்களுக்கு ‘ஆண்டான்’ தெரியும். டொயோட்டா பழக்கிவிட்ட முறை. லைனில் தப்பைக் கண்ட எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுக்கலாம் அல்லது பொத்தானை அழுத்தலாம். விளக்கு எரியும், ஆள் வருவார், தேவைப்பட்டால் லைன் நிற்கும். விளக்கு வாங்கி மாட்டுவது சுலபம். அழுத்தியவனிடம் ஓடி வருகிறவர் முதலில் என்ன வார்த்தை சொல்கிறார் என்பதில்தான் முறையே இருக்கிறது. “எவன்டா நிறுத்தினது?” என்பது முதல் வார்த்தையானால், அடுத்த மாதம் அந்த விளக்கு எரியாது. தப்பு குறைந்துவிட்டதால் அல்ல.

வேதாகமத்தில் இதற்கு ஒரு முதலாளியே இருக்கிறார். முதலாம் சாமுவேல் 25ஆம் அதிகாரத்தின் நாபால். மூவாயிரம் ஆடுகள், ஆயிரம் வெள்ளாடுகள். மயிர் கத்தரிக்கும் நாள். தாவீது அனுப்பிய ஆட்களை வாய்க்கு வந்தபடி பேசி விரட்டிவிட்டார். தாவீது நானூறு பேரோடு வாளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். ஆபத்து வருகிறது என்று நாபாலின் வேலைக்காரனுக்குத் தெரியும். தெரிந்தும் அவன் நாபாலிடம் போகவில்லை. மனைவி அபிகாயிலிடம் ஓடினான். நாபாலிடம் யாரும் வாய் திறந்து எதையும் சொல்ல முடியாது என்பது அவன் சொன்ன காரணம். கெட்ட வாய்க்கு எசமானன் கொடுக்கும் விலை இதுதான்: ஊருக்கே தெரிந்த செய்தி அவருக்குக் கடைசியாக வரும், அல்லது வராது. அபிகாயிலின் நிதானமான பேச்சு அன்று ஒரு படையைத் திருப்பி அனுப்பியது.

அதைவிடப் பெரிய கதை ரெகொபெயாம். முதலாம் இராஜாக்கள் 12ஆம் அதிகாரத்தைப் பக்தியை ஒதுக்கிவைத்துப் படித்தால் அது அப்பட்டமான ஒரு தொழில் தகராறு. சாலொமோன் இறந்துவிட்டார். ஜனங்கள் சீகேமில் கூடிப் புதிய ராஜாவிடம் ஒரே கோரிக்கை வைக்கிறார்கள்: உம்முடைய அப்பா சுமத்திய கடின வேலையைக் கொஞ்சம் குறையும். மூன்று நாள் தவணை. மூத்த ஆலோசகர்கள், இன்று இவர்களிடம் நல்லபடியாகப் பேசு, என்றைக்கும் உன்னோடு இருப்பார்கள் என்கிறார்கள். கூடவே வளர்ந்த இளவட்டமோ, இடம் கொடுத்தால் ஏறி உட்கார்ந்துவிடுவார்கள், மிரட்டு என்கிறது. ராஜா இரண்டாவதைக் கேட்டார். அப்பாவின் இடுப்பைவிட என் சுண்டுவிரல் கனம், அவர் சவுக்கால் அடித்தார், நான் தேளைப் போலக் கொட்டுவேன் என்ற வகையில் ஒரு வசனம். கைதட்டலுக்காக எழுதியது போல இருக்கிறது. விளைவு, பன்னிரண்டில் பத்துக் கோத்திரங்கள் அன்றே வெளிநடப்பு. நிலைமையைச் சமாளிக்கக் கட்டாய வேலையின் மேற்பார்வையாளரான அதோராமையே அனுப்பினார் ராஜா. ஜனங்கள் அவரைக் கல்லெறிந்து கொன்றார்கள். ராஜா ரதத்தில் ஏறி எருசலேமுக்கு ஓடினார். கண்டிப்பாகப் பேசினால்தான் கட்டுக்குள் இருப்பார்கள் என்ற நிர்வாகத் தத்துவம் ஒரு ராஜ்யத்தை இரண்டாக்கியது. அது திரும்ப ஒட்டவே இல்லை.

பேச்சு கெட்ட இடத்தில் மௌனமும் கெட்டுப் போகிறது. 2021 டிசம்பரில், ஆப்பிளுக்காக ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் தொழிற்சாலையில் வேலை செய்த பெண்கள் தங்கியிருந்த, திருவள்ளூர் மாவட்ட விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகி 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சிலர் இறந்துவிட்டார்கள் என்ற செய்தி வாட்ஸ்அப்பில் பரவியது. அது பொய். ஆனால் தோழி எங்கே, எந்த ஆஸ்பத்திரியில், எப்படி இருக்கிறாள் என்ற கேள்விக்கு நம்பும்படி யாரும் பதில் சொல்லாதபோது, பொய்தான் பேசக் கிடைத்தது. 17ஆம் தேதி இரவு ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். வதந்தி பரப்பியதாக யூடியூபர் ஒருவரைத் திருவள்ளூர் போலீஸ் கைது செய்தது. சில விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தன் தரத்துக்கு எட்டவில்லை என்று ஆப்பிள் நிறுவனமே அந்த மாதக் கடைசியில் ஒப்புக்கொண்டது. பொய் பேசியவர்களைக் கண்டிப்பது எளிது. அந்தப் பெண்கள் பேசியபோது கேட்கும் காது ஒன்று முன்பே இருந்திருந்தால், அந்தப் பொய்க்குச் சாலை வரை வரக் கால் இருந்திருக்காது.

2023 மார்ச்சில் எதிர்த்திசையில் காற்றடித்தது. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களைத் தேடித் தேடி அடிக்கிறார்கள் என்று, வேறு இடத்து, வேறு காரணத்துச் சண்டைக் காட்சிகளை ஒட்டவைத்த வீடியோக்கள் வடக்கே பரவின. ஹோலிக்குச் சில நாள் முன்பு. அப்போதைய டிஜிபி சைலேந்திரபாபு மறுத்து வீடியோ வெளியிட்டார். பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பிப் பார்த்தது. செய்தி பொய் என்று தெளிவானது. பொய்தான். ஆனாலும் அதை நம்பி ஊருக்கு மூட்டை கட்டியவர்கள் இருந்தார்கள். தினமும் ‘வடக்கன்’ என்று கேட்ட காதுக்கு, அடிக்கிறார்கள் என்பதை நம்ப அதிக நேரம் பிடிக்காது. வதந்தி விதை, நிலத்தை உழுது வைத்தது அன்றாட வசவு.

கிறிஸ்தவர்களிடம் இவ்வளவும் சொன்னால் ஒரு கேள்வி வந்தே தீரும். இயேசுவே பரிசேயரை விரியன் பாம்புக் குட்டிகள் என்றாரே? ஏரோதை நரி என்றாரே? தேவாலயத்தில் சவுக்கை எடுத்தாரே?

எடுத்தார். யார் மேல் என்பதைப் பார்க்க வேண்டும். ஆசனத்தில் இருந்தவர்கள் மேல், சிங்காசனத்தில் இருந்தவன் மேல், ஏழையின் காணிக்கையில் லாபம் பார்த்தவர்கள் மேல். அவருடைய கடுஞ்சொல் மேட்டை நோக்கி ஏறியது. அதற்கு விலையாக உயிரையும் கொடுத்தார். வரி வசூலித்தவனிடம், கிணற்றடிச் சமாரியப் பெண்ணிடம், மூன்று முறை மறுதலித்த பேதுருவிடம் அவர் அந்த மொழியில் பேசவில்லை. ஓர் இடம் உறுத்தும்: மாற்கு 7ஆம் அதிகாரத்தில், மகளுக்காகக் கெஞ்சிய வேற்றினத் தாயிடம் பிள்ளைகளின் அப்பத்தை நாய்க்குட்டிகளுக்குப் போடலாகாது என்றது. உரையாசிரியர்கள் அதற்கு ஆயிரம் சமாதானம் எழுதியிருக்கிறார்கள். கதை எப்படி முடிகிறது என்பதை மட்டும் பார்த்தாலும் போதும். அந்தத் தாய் எதிர்த்துப் பதில் சொன்னாள். அவர் அவள் வாயை அடக்கவில்லை, அவள் சொன்ன சொல்லுக்காகவே மகள் குணமானாள் என்று அனுப்பினார். ஹெல்பர் எதிர்த்துச் சொன்ன பதில் சரி என்று ஒப்புக்கொண்டு முடிவை மாற்றும் சூப்பர்வைசர், வேண்டுமானால் இந்த வசனத்தைத் தன் துணைக்கு அழைக்கலாம்.

இதற்காகத் தேன் தடவிப் பேசச் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். தேன் இன்னொரு விஷம். பதினோரு மாதம் முடிந்ததும் “தம்பி, நீங்க நம்ம குடும்பம் மாதிரி” என்று தோளில் கை போட்டு வெளியே அனுப்பும் கனிவும் இந்த வட்டாரத்துக்குத் தெரிந்ததுதான். யாக்கோபின் நிருபம் இரண்டையும் விடவில்லை. நாக்கு சிறு நெருப்பு, பெரிய காட்டையே கொளுத்தும் என்று எழுதிய அதே கை, குளிரில் நடுங்குகிறவனுக்கு ஒன்றும் கொடுக்காமல் ‘சமாதானமாய்ப் போ’ என்று மட்டும் வாழ்த்துவதைக் கிண்டல் செய்கிறது. பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று 5ஆம் அதிகாரத்தில் முதலாளிகளை நேராகக் கேட்கிறது. கனிந்த பேச்சு கூலிக்கு மாற்று அல்ல.

பவுல் கொலோசெயருக்கு எழுதும்போது, கிருபையுள்ள பேச்சில் உப்பு இருக்க வேண்டும் என்கிறார். சர்க்கரை என்று சொல்லவில்லை. எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டி உப்பளங்களைக் கண்ட இந்தத் திருவள்ளூர் மாவட்டத்துக்கு உப்பின் குணத்தை விளக்க வேண்டியதில்லை. அது கெடாமல் காக்கும். புண்ணில் பட்டால் எரியும். அளவு மீறினால் குழம்பைத் தூக்கிக் கொட்ட வேண்டியதுதான். “இந்த வெல்டு நிக்காது, மறுபடி போடணும்” என்பது உப்பு. “உனக்கெல்லாம் எவன்டா வேலை கொடுத்தான்” என்பது உப்பு அல்ல. அதில் வெல்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதைக் கேட்டவனுக்கு எந்த இடத்தில் தப்பு, எவ்வளவு சூடு, எப்படித் திருத்துவது எதுவும் தெரியாது. தான் வேண்டாதவன் என்பது மட்டும் தெரியும்.

சபைகள் தங்கள் பங்குக்கும் கொஞ்சம் கூச்சப்படலாம். இந்தத் தொழில் வட்டாரத்தில் வாடகைக் கூடங்களிலும் தகரக் கொட்டகைகளிலும் கூடும் சிறு சபைகள் ஏராளம். ஞாயிறன்று சூப்பர்வைசரும் ஹெல்பரும் ஒரே பாயில் உட்கார்ந்து “ஸ்தோத்திரம் பிரதர்” சொல்கிறார்கள். திங்களன்று அதே ‘பிரதர்’ வேறு பெயரில் அழைக்கப்படுகிறார். ஒரே ஊற்றுக்கண்ணிலிருந்து நல்ல தண்ணீரும் கசப்புத் தண்ணீரும் வருமா என்று யாக்கோபு கேட்டது இதைத்தான். சபைக்குள்ளேயே ‘ஜெபக் குறிப்பு’ என்ற பெயரில் உலவும் புறணி வேறு: “அந்த சிஸ்டர் வீட்டுக்காரருக்காக ஜெபிச்சுக்கோங்க, வெளிய சொல்லாதீங்க” என்று தொடங்கி, ஊருக்கே தெரிந்த பிறகுதான் ஆமென் சொல்லி முடியும். மேடையிலிருந்து ஒருவரைக் குத்திக் காட்டிவிட்டு, ஆண்டவர் சொல்லச் சொன்னார் என்று பாரத்தை அவர் மேல் இறக்கிவைக்கும் பிரசங்கங்களும் உண்டு. குடி, புகை, சினிமா என்று பாவப் பட்டியல் போடும்போது வசவும் புறணியும் அதில் இடம் பெறுவது அபூர்வம். ஞானஸ்நானத்துக்கு முன் சிகரெட்டை விட்டாயா என்று கேட்கிறவர்கள், உன் லைனில் வேலை செய்கிறவனை எப்படிக் கூப்பிடுகிறாய் என்று கேட்டதுண்டா?

ரூத் புத்தகத்தின் 2ஆம் அதிகாரம் ஒரு வேலைத்தளம்தான். அறுவடை நேரம். எல்லை தாண்டி வந்த இளம் விதவை பிழைப்புக்காகக் கதிர் பொறுக்கிக்கொண்டிருக்கிறாள். நிலத்துக்காரர் போவாஸ் வருகிறார். முதலில் வேலையாட்களுக்கு வணக்கம் சொல்கிறார். அந்தப் பெண் யார் என்று கங்காணியிடம் கேட்கிறார். கங்காணி அவள் பெயரைச் சொல்லவில்லை. மோவாபிலிருந்து வந்த மோவாபியப் பெண் என்கிறான். ஒரே பதிலில் இரண்டு முறை நாடு, ஒரு முறை கூடப் பெயர் இல்லை. போவாஸ் அவளிடம் போய் மகளே என்று பேசத் தொடங்குகிறார். சாப்பாட்டு வேளையில் அறுக்கிறவர்களின் பக்கத்தில் உட்காரவைத்துத் தன் கையால் வறுத்த கோதுமை கொடுக்கிறார். அதற்குப் பிறகு தன் ஆட்களை அழைத்து, அவளை வெட்கப்படுத்தாதீர்கள், அதட்டாதீர்கள் என்று உத்தரவு போடுகிறார். கனிவு அங்கே அவருடைய சொந்தக் குணத்தோடு நின்றுவிடவில்லை. அந்த வயலின் விதியாகவே ஆகிவிட்டது. ரூத் அவரிடம் நன்றி சொன்னபோது தானியத்தைப் பற்றிப் பேசவில்லை, தன்னிடம் அவர் பேசிய விதத்தைப் பற்றித்தான் பேசினாள்.

ஆக, வாய் கெட்ட ஒருவருடைய மனசு தங்கமா பித்தளையா என்று உரசிப் பார்க்க விரும்புகிறவர்கள் அவர் செய்த உதவிகளின் பட்டியலைத் தேட வேண்டியதில்லை. பணி ஓய்வு விழா வரை காத்திருக்கவும் வேண்டாம். நாளைக் காலை ஏ ஷிப்டில் எங்காவது ஒரு பீஸ் தப்பாகப் போகும். எல்லா ஷிப்டிலும் போகிறது. செய்தவன் அதைக் கையில் எடுத்துக்கொண்டு அவரிடம் நடந்து வருகிறானா, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஸ்கிராப் தொட்டியின் அடியில் திணிக்கிறானா என்று மட்டும் பார்க்கட்டும்.